ஆண் வண்டு வரட்டும்

நிறத்தை நம்பாதே என்பதுதான் ஆய்வகத்தில் சார் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். பூச்சிப் பெட்டியொன்றைத் திறந்து மேசைமேல் வைப்பார். அந்துருண்டை நெடி மூக்கில் ஏறும். ஊசியில் குத்தி வரிசையாக நிறுத்திய இலை வண்டுகளில் ஒன்று கறுப்பு, ஒன்று செம்பழுப்பு, ஒன்று வெளிறிய மஞ்சள். "இது எத்தனை இனம்மா?" என்பார். மூன்று என்போம். மூன்றும் ஒரே இனம். மஞ்சளாக இருந்தது கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்து ஓடு இறுகும் முன்பே பிடிபட்டது; செம்பழுப்பு, பெட்டிக்குள் பல வருடம் கிடந்து வெளுத்தது. அடுத்த பெட்டியில் ஆல்டிகா என்ற பேரினத்தின் வண்டுகள் இருக்கும். எல்லாம் ஒரே நீலம், ஒரே மினுக்கம், ஒரே அளவு. அவை ஒரே இனம் என்று இந்த முறை உறுதியாகச் சொல்வோம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டுகளைக் காட்டுவார். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர்.

"அப்போ எதைத்தான் சார் நம்புறது?"

"உள்ள இருக்கிறதை. வயித்தைத் திறந்து பார்க்காம எந்த வண்டுக்கும் பேர் சொல்லாதீங்க."

இலை வண்டுக் குடும்பத்தில் இதுவரை 35,000க்கு மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பூசணிக் கொடியைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டும் நெற்பயிரின் முள் வண்டும் அதில் சேர்த்தி. விவசாயிக்குத் தெரிந்தவை அப்படிச் சில. மீதியெல்லாம் காட்டில், தான் தின்னும் செடியைத் தவிர யாருக்கும் தெரியாமல் வாழ்கின்றன. அவற்றில் பெருங்கூட்டம் தெள்ளு வண்டுகள். பின்தொடை தடித்து, தொட்டால் எகிறிக் காணாமல் போகிறவை. சார் வாழ்நாள் முழுக்க அவற்றைத்தான் படித்தார். நானும் அவற்றிலேயே விழுந்துவிட்டேன்.

ஆனைமலையில், வால்பாறைக்கு மேலே அக்காமலை புல்மலைத் தொடரில் இருக்கும் சோலையொன்றுக்கு 1997-இல் போனோம். 2,000 மீட்டர் உயரம். வெளியே புல்வெளியில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு எட்டு உள்ளே வைத்தால் பட்டப்பகலில் இருட்டும் ஈரமும். மரங்கள் குட்டை, தண்டிலிருந்து கிளை நுனிவரை பாசி போர்த்தியிருக்கும். வனத்துறை வாட்சர் அண்ணன் முதுவர் குடியைச் சேர்ந்தவர். எங்கள் காலுறைக்கு மேல் புகையிலைத் தண்ணீரைத் தடவிவிட்டு, அட்டை ஏறினால் பிய்க்காதீர்கள், அதுவாக விழட்டும் என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார். நாங்கள் குடையைக் கவிழ்த்துப் பிடித்துக் கிளையைத் தட்டினோம். விழுந்தவற்றை ஆஸ்பிரேட்டர் குழாயால் உறிஞ்சிச் சேர்த்தோம். அன்று கிடைத்தவற்றில் சாரின் புருவத்தை உயர்த்தும்படி எதுவும் இல்லை.

வண்டு வந்தது வேறு வழியாக. விடுதியில் என் அறைத்தோழி தாவரவியல் மாணவி, மரப்பாசிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக ஒரு துணிப்பையில் பாசி உரித்துக்கொண்டு வந்திருந்தேன். ராத்திரி அறையில் அவள் அதைச் செய்தித்தாளில் பரப்பி ஈரம் உலர்த்தியபோது தாளில் ஏதோ எகிறியது. கடுகளவு இருந்தது. கறுப்பு, உருண்டை. "உன் ஆளு" என்றாள். கண்ணாடிக் குப்பியைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

இலை வண்டு இலையில்தான் இருக்கும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். மறுநாள் சார் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். குனிந்தபடியே, "தோள் இல்லம்மா இதுக்கு" என்றார்.

அந்தச் சொல்லில் எவ்வளவு அடங்கியிருந்தது என்று எனக்குப் புரியப் பல மாதம் ஆனது. பறக்கிற வண்டுக்கு மேலிறக்கையின் தோள்புறத்தில் ஒரு புடைப்பு இருக்கும். கீழே மடிந்திருக்கும் மெல்லிய சிறகுக்கு இடம் கொடுப்பது அது. பாசிக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற வண்டுக்குப் பறக்க வேண்டிய தேவை போய்விடுகிறது. சிறகு குன்றுகிறது, தோள் மறைகிறது, முதுகு குவிந்து உடல் உருள்கிறது. இது ஒரு மலையில் மட்டும் நடந்ததில்லை. இமயமலைப் பாசியில் ‘பெனடிக்டஸ்’ என்ற பேரினம் இருக்கிறது; கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவில் ‘கிஸ்கேயா’ இருக்கிறது. அவையும் சிறியவை, உருண்டவை. நெருங்கிய உறவு இல்லாதவை ஒரே வாழ்க்கையால் ஒரே சாயலுக்கு வந்திருக்கின்றன. பாசியில் அகப்பட்ட ஒரு வண்டை எந்தப் பேரினத்தில் வைப்பது என்ற கேள்வி அதனால்தான் இவ்வளவு கடினமாகிறது. வெளியிலிருந்து தெரிகிற எல்லாமே பாசி செதுக்கியதாக இருக்கலாம். சொந்த வம்சத்தின் அடையாளம் எது, வாழுமிடம் கொடுத்த உருவம் எது என்று பிரித்தெடுக்க வேண்டும்.

எங்களிடம் இருந்த நூல்கள் மூன்று. 1926-இல் வந்த ‘ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா’ வரிசையின் தொகுதியை எழுதியவர் சமரேந்திர மௌலிக் என்ற வங்காளி. லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்து வேலை செய்தவர். அடுத்தது கெர்ஹார்ட் ஷெரர் 1969-இல் இந்தியத் துணைக்கண்டத்தின் தெள்ளு வண்டுகளைப் பற்றி எழுதியது. முழுக்க ஜெர்மன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தோம். ‘மூடியது’, ‘திறந்தது’, ‘பள்ளம்’, ‘புள்ளி’ ஆகியவற்றுக்கான ஜெர்மன் சொற்கள் இன்றும் எனக்கு மறக்கவில்லை. மூன்றாவது, மார்ட்டின் யாக்கோபி 1887-இல் இலங்கை வண்டுகளைப் பற்றி எழுதிய கட்டுரையின் ஒளிநகல். ஜார்ஜ் லூயிஸ் என்ற ஆங்கிலேயர் 1881–82-இல் இலங்கையில் சேகரித்தவற்றை வைத்து எழுதியது. ‘இவாலியா’ என்ற பேரினம் அந்தக் கட்டுரையில்தான் பிறந்தது.

யாக்கோபி தொழில்முறை வயலின் கலைஞர் என்று சார் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. இசைக்குழுவில் வாசித்தும் வயலின் கற்றுக்கொடுத்தும் வாழ்ந்த மனிதர், மிச்ச நேரத்தில் உலகெங்கிலுமிருந்து வந்த இலை வண்டுகளுக்கு ஆயிரக்கணக்கில் பெயர் வைத்தார். அவருடைய விவரிப்புகள் சுருக்கமானவை. லத்தீனில் இரண்டு மூன்று வரி. ஆங்கிலத்தில் ஒரு பத்தி. நிறம், புள்ளிகள், நீளம். அவர் பார்த்திராத காடு அது. அந்த வண்டு எந்தச் செடியில் இருந்தது, என்ன தின்றது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் அந்தச் சில வரிகளும், அவர் கையால் எழுதிய சீட்டோடு அருங்காட்சியகத்தில் இருக்கும் வண்டும் இல்லாவிட்டால் எங்களுக்குப் பிடிமானமே கிடையாது. ‘இவாலியா’ என்று இன்று யார் சொன்னாலும் கடைசியில் அந்த ஊசியில் போய்த்தான் நிற்க வேண்டும்.

மௌலிக்கின் பெயரைச் சார் உச்சரிக்கும்போதே குரலில் மரியாதை வந்துவிடும். தெள்ளு வண்டின் பின்தொடைக்குள்ளே, தசைநாரோடு சேர்ந்து, சுருண்ட கெட்டியான ஓர் உறுப்பு இருக்கிறது. மெல்ல இறுகிச் சட்டென்று விடுபட்டு வண்டை எகிறவைப்பது அதுதான். அதை 1929-இல் விரித்து எழுதியவர் மௌலிக்; உலகம் அதை ‘மௌலிக் உறுப்பு’ என்றே சொல்கிறது. பின்னாளில் டேவிட் ஃபர்த் அந்தச் சுருளின் வடிவம் பேரினத்துக்குப் பேரினம் மாறுவதை வரைந்து காட்டி, வகைப்பாட்டுக்கும் அதைப் பயன்படுத்தினார். வேறொரு வண்டின் காலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தொடை கண்ணாடியாகத் தெளிந்ததும் உள்ளே அந்தச் சுருளை முதல்முறை பார்த்தேன். எகிறும் வண்டைக் கையில் பிடித்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் மகிழ்ச்சி புரியும்.

பிறகு என் வண்டின் முறை. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வெந்நீரில் மிருதுவாக்கி, ஊசிமுனையால் வயிற்றை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். மூச்சு விட்டால் பறந்துவிடும் அளவு. சார் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து சதவீதக் காரக் கரைசலில் சூடாக்கினோம். தசை கரைந்து ஓடு மட்டும் மிஞ்சியது. கிளிசரின் துளியில் வைத்துத் திறந்ததும் தெரிந்தது: பெண். விந்துப்பை பழுப்பாக, முழுசாக, அழகாக இருந்தது.

பெண் தெள்ளு வண்டுகளை அடையாளம் காண விந்துப்பைதான் துணை. ஆணிடமிருந்து பெற்றதைச் சேமித்துவைக்கும் இந்தச் சிறு பை ஒவ்வோர் இனத்திலும் தனக்கென ஒரு வளைவு கொண்டிருக்கும். அதன் குழாய் நேராக இருக்கும், வளையும், சில இனங்களில் சுருள் சுருளாகும். மைக்ராஸ்கோப்போடு கேமரா லூசிடாவைப் பொருத்தி, வண்டின் பிம்பத்தையும் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபடி பென்சிலால் வரைய வேண்டும். பிறகு டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனா. குழாயின் சுருள் எண்ணிக்கை தவறினால் அது வேறொரு இனத்தின் படமாகிவிடும். புகைப்படம் இருக்கிறபோது ஏன் வரைய வேண்டும் என்று இன்றைய மாணவர்கள் கேட்கிறார்கள். வரைகிற கை ஒவ்வொரு கோட்டிலும், இது இங்கே முடிகிறதா தொடர்கிறதா என்று கண்ணைக் கேட்கும். புகைப்படக் கருவி அந்தக் கேள்வியைக் கேட்காது. எனக்கு வண்டுகளைத் தெரிந்ததெல்லாம் வரைந்ததால்தான்.

படங்கள் தயார். இதுபோல ஒன்றை எந்த நூலும் சொல்லவில்லை. புதிய இனம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. எழுதிவிடலாமா என்று கேட்டேன்.

"ஆண் வரட்டும்மா."

அதோடு முடிந்தது. விலங்குகளின் பெயரீட்டு விதிகளின்படி ஒரே ஒரு பெண்ணை வைத்துக்கூடப் புதிய இனத்தை வெளியிடலாம், தடையேதும் இல்லை. பலர் வெளியிட்டிருக்கிறார்கள். சார் கேட்டது விதியைத் தாண்டியது. ஆண் உறுப்பின் வடிவம் தெரியாமல் எழுதினால், நாளைக்குப் பக்கத்து மலையில் ஓர் ஆண் கிடைக்கிறவர் அது இதுதானா வேறா என்று முடிவுசெய்ய வழியின்றி நிற்பார். நாம் எழுதுகிற விவரிப்பு அவருக்கு உதவ வேண்டும். அவரைத் தடுக்கக் கூடாது. அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது. அவர் செய்தது சரி என்று இன்று முழுமனதோடு சொல்வேன். இந்தத் துறையில் ஒரு மோசமான விவரிப்பு நூறு வருடம் உயிரோடு இருக்கும். வேறெங்கும் ஒரு பழைய தவறான கட்டுரையை மறந்துவிடலாம். இங்கே 1758-இல் லின்னேயஸ் எழுதியதிலிருந்து ஒன்றையும் தள்ள முடியாது. எல்லாவற்றையும் படித்துச் சுமந்துதான் அடுத்த பெயரை வைக்க வேண்டும்.

வண்டு பெட்டிக்குள் போனது. படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, வேறு பயிர், வேறு பூச்சி. சோலைக்கு அனுமதி கிடைத்தபோதெல்லாம் போனேன். சில வருடம் மழை ஏமாற்றியது. சில வருடம் பாசி இருந்தும் வண்டு இல்லை. சேகரிக்கப்படும் ஒரு புதிய இனம் அலமாரியிலிருந்து அச்சுக்கு வரச் சராசரியாக 21 ஆண்டுகள் ஆகின்றன என்று 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் படித்த அன்று பெட்டியைத் திறந்து என் வண்டின் சீட்டைப் பார்த்தேன். சராசரிக்கே இன்னும் பல வருடம் இருந்தது.

இதற்கிடையில் உலகம் மாறியிருந்தது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இல் வந்தது. உயிர்வளத்தைச் சூறையாட விடாமல் காக்க வந்த சட்டம். அதன் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லை தாண்டி ஒரு செத்த வண்டை அனுப்புவதும் வாங்குவதும் அதன்பின் மிகக் கடினமாகிவிட்டது. இந்த வகையான சட்டங்கள் வகைப்பாட்டு அறிவியலின் மூச்சை முட்டவைக்கின்றன என்று கேரளத்துத் தெள்ளு வண்டு அறிஞர் பிரதாபன் முதன்மை ஆசிரியராக 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியதைப் படித்தபோது, எங்கள் எல்லோருடைய மனக்குமுறலையும் ஒருவர் சொல்லிவிட்டார் என்று இருந்தது. மறுபுறம், பழைய மூல மாதிரிகளின் தெளிவான படங்களை அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைக்கத் தொடங்கின. யாக்கோபியின் கையெழுத்தை வீட்டு மேசையில் உட்கார்ந்து பார்க்க முடிந்தது.

அதே பிரதாபன், கேத்தரின் டக்கெட், கான்ஸ்டன்டினோவ் ஆகியோரோடு 2006-இல் எழுதிய கட்டுரைதான் எனக்கு மிக முக்கியமானது. ‘இவாலியா’வை அவர்கள் மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். நீலகிரியின் கோரகுந்தாவிலிருந்து ஒரு புதிய இனத்தை விவரித்து அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். இந்தப் பேரினத்தின் புழுவையும் விவரித்தார்கள். நூற்றுச்சொச்சம் ஆண்டுகளுக்குமுன் லண்டன் மேசையில் தொடங்கிய ஒன்று, நீலகிரிப் பாசியில் உயிரோடு ஊர்ந்ததை அந்தப் பக்கங்களில் பார்த்தேன்.

ஆண் வண்டு கடைசியில் வந்தது, தென்மேற்குப் பருவமழை ஓய்ந்த ஒரு செப்டம்பரில், அதே சோலையில். இந்த முறை பாசியைச் சல்லடையில் உதிர்த்து, வெள்ளைத் துணியில் தட்டி, லென்ஸோடு குனிந்திருந்தோம். பல தெள்ளு வண்டுகளில் ஆணின் முன்காலில் முதல் பாதக்கணு பெண்ணினுடையதைவிட அகலமாக இருக்கும். துணியில் நகர்ந்த வண்டின் முன்கால் லென்ஸுக்குள் வந்த கணம் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னும் சில கிடைத்தன, ஆணும் பெண்ணுமாக. வாட்சர் அண்ணன் ஓய்வு பெற்றிருந்தார். அவருடைய மகன் அந்த வேலையில் இருந்தான். "இதுக்காகவா மேடம் அப்பா காலத்துல இருந்து வர்றீங்க?" என்றான். ஆமாம் என்றேன். லென்ஸை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

சாருக்கு இப்போது பார்வை மிக மங்கிவிட்டது. படம் அனுப்பிப் பயனில்லை. எழுதி முடித்த விவரிப்பைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். முன்மார்புக் கவசத்தின் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம், அதன் அடிப்பகுதிக்குச் சற்று முன்னால் ஓடும் குறுக்குப் பள்ளம், முகத்தில் உணர்கொம்புகளுக்கு இடையிலுள்ள மேடுகள், மேலிறக்கையில் புள்ளிகள் வரிசைப்பட்டிருக்கும் விதம், ஆண் உறுப்பின் அடிப்புறம், விந்துப்பையின் குழாய். நடுவில் நிறுத்துவார். "அந்தப் பள்ளம் நடுவுல மறையுதா, ஆழம் குறையுதா?" குறைகிறது, மறையவில்லை என்பேன். "அப்ப அப்படியே எழுது." முடித்தபோது சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "தெரியுதும்மா, நல்லாத் தெரியுது" என்றார். எந்தப் பாராட்டையும்விட அது எனக்குப் பெரிது.

ஒன்றில் மட்டும் நாங்கள் ஒத்துப்போகவில்லை. இது ‘இவாலியா’வில்தான் சேரும் என்பது சாரின் முடிவு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விந்துப்பையின் குழாயும் முகத்து மேடுகளும் அந்தப் பேரினத்தில் எனக்குத் தெரிந்த மற்ற இனங்களோடு பொருந்தவில்லை. ஒத்துப்போகிற மீதியெல்லாம் பாசி வாழ்க்கை கொடுத்த உருவமாக இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். "இரண்டு வித்தியாசத்துக்கு ஒரு புதுப் பேரினமா? வச்சா பத்து வருஷத்துல யாராவது அழிச்சிருவாங்க" என்கிறார். தெள்ளு வண்டுக் கூட்டமே இதற்குச் சாட்சி. ஒரு காலத்தில் தனித் துணைக்குடும்பமாக இருந்தது. இன்று கேலருசினே என்ற துணைக்குடும்பத்துக்குள் ஒரு பிரிவாக வைத்திருக்கிறார்கள். எகிறும் கால் ஒரே முறைதான் தோன்றியதா என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. இப்போதைக்கு ‘இவாலியா’விலேயே வைத்து எழுதியிருக்கிறேன், பொருந்தாதவற்றையும் காரணத்தோடு சொல்லி. ஹோலோடைப்பாக, அதாவது பெயரைத் தாங்கும் மூல மாதிரியாக, நான் தேர்ந்தது செப்டம்பரில் கிடைத்த ஆண். அதன் ஊசியில் சிவப்புச் சீட்டு ஏறிவிட்டது. கொல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குப் போகும். 1997-இன் பெண்ணுக்குத் துணைமாதிரியின் மஞ்சள் சீட்டு. பெயரை இங்கே எழுத இயலாது. கட்டுரை இன்னும் மதிப்பீட்டில் இருக்கிறது. விவரிப்பில்லாமல் வேறெங்கோ அச்சேறும் வெறும் பெயருக்கு விதிகளில் உயிரில்லை. பின்னால் வருகிறவர்களுக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

எங்கள் வழக்குக்குத் தீர்ப்பு சொல்லக்கூடியது புழு. ‘இவாலியா’வின் புழு எப்படி இருக்கும் என்று 2006 கட்டுரையில் இருக்கிறது, என் வண்டின் புழுவை இதுவரை யாரும் பார்க்கவில்லை. ஜூனில் மழை இறங்கியதும் போக அனுமதிக்கு எழுதியிருக்கிறேன். அதற்குள் கண் பழகட்டும் என்று கோரகுந்தா புழுவின் படத்தை வாட்சர் தம்பிக்கு அனுப்பினேன். பாசியில் தேடணுமா மண்ணிலயா என்று கேட்டு உடனே பதில் வந்தது. பாசியை உரித்தபின் பட்டையோடு ஒட்டி மிஞ்சுகிற ஈரமண்ணில் முதலில் பார், எதையும் கையால் தொடாதே, பாசியோடு சேர்த்து டப்பாவில் போட்டுவை என்று எழுதினேன்.